தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா, இல்லையா? வீட்டில் சண்டை

பற்றுவரவு | சனி, இரவு 9:12

வணக்கம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அறிவியலைப் பத்தாவதோடு மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டியூஷனில் ஒரு தேர்வு. தாவர செல், விலங்கு செல், பாக்டீரியா செல் மூன்றையும் வேறுபடுத்தி அட்டவணை போட வேண்டும். அவள் எழுதியது இது: "பசுங்கணிகம், தாவரத்தில் உண்டு, விலங்கில் இல்லை. மைட்டோகாண்ட்ரியா, விலங்கில் உண்டு, தாவரத்தில் இல்லை." முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். டியூஷன் நோட்டிலும் அப்படியே இருக்கிறது.

எனக்கு என்னவோ இடித்தது. பள்ளிப் புத்தகத்தைப் புரட்டினால் தாவர செல் படத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறது. காட்டினேன். "பசுங்கணிகம் வெயிலிலிருந்து சக்தி எடுத்துத் தருகிறதே, அப்புறம் எதற்கு மைட்டோகாண்ட்ரியா? படம் தப்பாக இருக்கும்" என்கிறாள். முழு மார்க் வாங்கிய பிள்ளையிடம் விடை தப்பு என்று எப்படிச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

மாவரைப்பவன் | சனி, இரவு 9:20

புத்தகம் சரி, டியூஷன் தப்பு, நீங்கள் சரி. மகளிடம் சொல்லிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.

தாவரவியல்_டீச்சர் | சனி, இரவு 9:58

தம்பி, 31 வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இந்தத் தப்பு இல்லாத வகுப்பை நான் பார்த்ததே இல்லை. பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அவள் யோசித்துத்தான் தப்பு செய்திருக்கிறாள்.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேர் மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறது, அங்கே பசுங்கணிகம் கிடையாது. அந்த வேர் செல் எதை வைத்துப் பிழைக்கிறது? இலையிலிருந்து சர்க்கரை இறங்கி வருகிறது, சரி. அந்தச் சர்க்கரையை உடைத்து சக்தியாக்க ஓர் இடம் வேண்டாமா? அதுதான் மைட்டோகாண்ட்ரியா. இலைக்கும் ராத்திரி உண்டு. வெயில் போனதும் இலை செல்லும் பகலில் சேர்த்ததைத்தான் எரித்துத் தின்கிறது.

வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன். பசுங்கணிகம் வயல், மைட்டோகாண்ட்ரியா அடுப்பு. வயல் வைத்திருப்பவன் வீட்டில் அடுப்பு இல்லாமல் இருக்குமா? விலங்கு செல்லுக்கு வயல் கிடையாது, வாங்கித் தின்கிறது. ஆனால் அடுப்பு இரண்டு வீட்டிலும் எரிகிறது.

நம்பவில்லை என்றால் பச்சைப்பயறை ஊற வைத்து, துணியில் நிறையக் கட்டி, இருட்டில் முளைக்க விடுங்கள். மறுநாள் மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார்க்கட்டும். லேசாகச் சூடு தெரியும். வெயிலும் இல்லை, இலையும் இல்லை. சூடு எங்கிருந்து வந்தது என்று அவளே சொல்லட்டும்.

கடலோரம் | சனி, இரவு 10:31

நான் திருகோணமலை. எங்கட பாடப்புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழைமணி என்றுதான் இருக்கும். செல் என்றால் கலம், பசுங்கணிகம் என்றால் பச்சையவுருமணி, சைட்டோபிளாசம் குழியவுரு, வாக்குவோல் புன்வெற்றிடம். முதலில் கேட்கிறவைக்குச் சிரிப்பு வரும். ஆனால் கிரேக்கத்தில் 'மிட்டோஸ்' நூல், 'கோண்ட்ரியான்' சிறு மணி. இழையும் மணியும் அப்படியே வந்துவிட்டது பாருங்கோ.

டீச்சர், அந்த வயல் அடுப்புக் கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லப்போறன்.

மாவரைப்பவன் | சனி, இரவு 10:35

இழைமணிக்கு ஓர் இழை. இந்தத் தளத்தில் இதுவரை வந்த இழைகளிலேயே பொருத்தமான தலைப்பு இதுதான்.

எதிர்க்கேள்வி | ஞாயிறு, காலை 7:04

புத்தகம் சரி, புத்தகம் சரி என்கிறீர்களே. அந்தப் படத்தில் இருக்கிற செல்லை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? தாவர செல் என்றால் செங்கல் மாதிரி பச்சைப் பெட்டி. விலங்கு செல் என்றால் உருண்டை. பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்தது வெங்காயத் தோல். அதில் ஒரு சொட்டுப் பச்சை உண்டா? புத்தகம் சொல்வது ஒன்று, மைக்ராஸ்கோப் காட்டுவது வேறு. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

தாவரவியல்_டீச்சர் | ஞாயிறு, காலை 8:40

நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படம் கல்யாணச் சமையலுக்கு எழுதும் சாமான் லிஸ்ட் மாதிரி. கடையில் இருக்கிற எல்லாம் அதில் இருக்கும், எந்தக் குழம்பிலும் எல்லாம் சேராது. வெங்காயத்தில் நாம் உரிப்பது மண்ணுக்குள் இருந்த இலையின் அடிப்பாகம். வெளிச்சமே படாத இடத்தில் பசுங்கணிகத்துக்கு வேலை இல்லை. அதே வெங்காயத்தின் தாளில் பச்சை இருக்கிறது.

உருளைக்கிழங்கு இன்னும் வேடிக்கை. பசுங்கணிகத்தின் உறவுக்காரக் கணிகம் அதில் மாவு சேர்த்து வைக்கும் கிடங்காக இருக்கிறது. கிழங்கை வெளிச்சத்தில் போட்டு வைத்தால் மேல்தோல் பச்சையாகும், பார்த்திருப்பீர்கள். கிடங்கு வயலாக மாறுகிறது. (பச்சையான கிழங்கைச் சமைக்காதீர்கள், அதோடு நச்சுப்பொருளும் கூடும்.)

இன்னொன்று. சர்க்கரையைச் சுமந்து செல்லும் சல்லடைக் குழாய் செல் உயிரோடு இருக்கும், ஆனால் முதிர்ந்ததும் உட்கரு கிடையாது. பக்கத்தில் துணை செல் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. தேர்வில் "உட்கரு உண்டு" என்று எழுதினால் மார்க். செடியிடம் கேட்டால் "எந்த செல்லைக் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கும்.

நீலச்சாயம் | ஞாயிறு, காலை 9:15

மருத்துவமனை லேபில் ஸ்லைடு பார்ப்பது என் தொழில். நம் ரத்தச் சிவப்பணுவும் அப்படித்தான். 7, 8 மைக்ரான் அகலம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), நடுவில் குழிந்த வட்டு. உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. கோழி ரத்தத்தைப் பார்த்தால் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். இரண்டுமே விலங்கு செல்தான்.

பெட்டி, உருண்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பணுவை வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் தண்ணீர் உள்ளே ஏறி ஏறி வெடித்துவிடும். அதனால்தான் நரம்பில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு. தாவர செல் அதே நீரில் வெடிக்காது, சுற்றிலும் செல்சுவர் இருக்கிறது. உள்ளே வாக்குவோல் என்ற நீர்ப்பை நீர் குடித்துத் தள்ளும், சுவர் தாங்கும், செல் விறைக்கும். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, அந்த 'டக்' அதுதான். வாடிய கீரையைத் தண்ணீரில் வைத்தால் நிமிர்வதும் அதுவே.

பற்றுவரவு | ஞாயிறு, இரவு 8:47

டீச்சர், வேர் கேள்வியைக் கேட்டேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு "அப்போ டியூஷன்ல ஏன் டிக் போட்டாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் எதிர்க்கேள்வி சாரின் பதிவைப் படித்துவிட்டு, "நாமே பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மகனின் பழைய மைக்ராஸ்கோப் பரணில் இருந்தது. என் பத்தாவது மூட்டைக்குப் பக்கத்தில்.

முதல் ஸ்லைடு வீண். வெங்காயத் துண்டையே வைத்துவிட்டோம், கருப்பாக ஒரு மலை தெரிந்தது. இரண்டாவது, உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் கிள்ளி உரித்தோம். வெள்ளை பேப்பரில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசு. சாயத்துக்குக் காயத்துக்குப் போடும் அயோடின்தான் இருந்தது. அப்படியே ஒரு சொட்டு விட்டதில் எல்லாம் காபி நிறம். மூன்றாவது ஸ்லைடில் அயோடினில் தண்ணீர் கலந்தோம். தெரிந்தது!

நீள நீளமாக, சுவர் சுவராக, ஒன்றோடொன்று ஒட்டிய கட்டங்கள். மதுரைப் பக்கம் தெருவீடுகள் வரிசையாக இருக்குமே, அப்படி. கட்டம்தோறும் கெட்டியான கருப்பு வளையத்தோடு பளபளப்பான வட்டம். "உட்கரு, உட்கரு" என்று குதித்தாள். ஆனால் ஒரு வட்டம் நாலு கட்டத்தை மூடிக்கொண்டு பெரிதாக இருக்கிறது. உட்கரு வீட்டை விடப் பெரிதாக இருக்குமா?

நீலச்சாயம் | ஞாயிறு, இரவு 8:55

அது காற்றுக் குமிழி, சார். கருப்பு வளையம் தெரிந்தாலே குமிழிதான். கவர் ஸ்லிப்பை மேலிருந்து பொத்தென்று போடாமல் ஓர் ஓரத்தைத் தொட வைத்து, ஊசியால் தாங்கி, மெதுவாகச் சாயுங்கள். உட்கருவுக்குக் கருப்பு விளிம்பு இருக்காது. இளம் பழுப்பாக, சிறு பொட்டு மாதிரி, பெரும்பாலும் சுவரோரமாக ஒதுங்கி இருக்கும். நடு இடம் முழுக்க வாக்குவோல் பிடித்துக்கொண்டதால் அது ஓரத்துக்குப் போகிறது.

பயிற்சிக்கு வந்த நாளில் நானும் குமிழியைக் காட்டித்தான் திட்டு வாங்கினேன்.

எதிர்க்கேள்வி | ஞாயிறு, இரவு 9:30

மைட்டோகாண்ட்ரியா தெரிந்ததா? சண்டை அதைப் பற்றித்தானே.

தாவரவியல்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9:52

இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அதன் அகலம் பொதுவாக அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான்வரை. தனிச் சாயம் போட்டால் சாதா மைக்ராஸ்கோப்பில் புள்ளியாகக் காணலாம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் தெரிந்தது. ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்தது செத்துப்போன சுவர்களை மட்டும். காலி அறைகள். உட்கருவுக்கு அந்தப் பெயரை ராபர்ட் பிரவுன் வைத்தது 1831-இல். அறைக்குள் ஆள் இருப்பதைத் திடமாகச் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

உயிரோடு ஒரு செல் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்ணமீன் கடையில் வேலம்பாசி கேளுங்கள். அதன் இலை இரண்டு செல் தடிமன்தான், சாயமே வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக வரிசையில் நகரும், தேரோட்டம் மாதிரி. மணி தானாக நகரவில்லை, சைட்டோபிளாசம் சுழல்கிறது, மணியைத் தூக்கிக்கொண்டு போகிறது. முதல் தடவை பார்க்கிற பிள்ளையின் முகத்துக்காகவே நான் வருடாவருடம் வேலம்பாசி வாங்குவேன்.

பற்றுவரவு | செவ்வாய், இரவு 9:05

வேலம்பாசி கிடைத்தது. தேர் ஓடியது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு ஆள் வரவில்லை.

இப்போது அடுத்த பிடிவாதம், விலங்கு செல்லும் பாக்டீரியாவும் பார்த்தாக வேண்டுமாம். பாக்டீரியாவை வீட்டில் வளர்ப்பதெல்லாம் என் மனைவி இருக்கும்வரை நடக்காது.

நீலச்சாயம் | செவ்வாய், இரவு 9:40

வளர்க்கவே கூடாது, அக்கா சொல்வதுதான் சரி. தேவையும் இல்லை. வாயிலேயே இருக்கிறது.

சுத்தமான காது பட்ஸால் அவளே தன் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாக இரண்டு தடவை தேய்த்து, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் தடவட்டும். மெத்திலீன் நீலம் நீர்த்தது ஒரு சொட்டு. வண்ணமீன் கடையிலேயே கிடைக்கும், மீனுக்கு மருந்தாக விற்கிறார்கள். கையில் பட்டால் இரண்டு நாள் போகாது. சட்டையில் பட்டால் போகவே போகாது. அவரவர் வாயிலிருந்து மட்டும் எடுங்கள், பட்ஸை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள்.

முதலில் தெரிவது கன்னச் செல். வெங்காயம் மாதிரி கட்டம் கட்டமாக இருக்காது. நசுங்கிய அப்பளம் போல, ஓரம் மடிந்து, ஒழுங்கில்லாத வடிவில், தனித்தனியாகவும் இரண்டு மூன்றாகவும் மிதக்கும். சுவர் இல்லை, சவ்வு மட்டும். நடுவில் கருநீல உட்கரு. அதைப் பெரிய லென்ஸில் வைத்துவிட்டு ஃபோகஸை மயிரிழை அளவு அசையுங்கள். செல்லின் மேல் மிளகைப் பொடித்துத் தூவினாற்போல நுண்ணிய நீலப் புள்ளிகள் தெரியும். சில இடத்தில் சோடியாக, சில இடத்தில் சரமாக. அவைதான் பாக்டீரியா.

ஒரே பார்வையில் இரண்டும். ஒரு செல் ஊர், இன்னொன்று அந்த ஊரில் கிடக்கும் கூழாங்கல். கன்னச் செல் 50 மைக்ரானுக்கு மேல், புள்ளி ஒரு மைக்ரான் சுமார். உள்ளே என்ன இருக்கிறது என்று 400 மடங்கில் தெரியாது. நாங்கள் 1000 மடங்கில், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் வைத்துப் பார்த்தால்கூட உருண்டையா, குச்சியா என்பதுதான் தெரியும்.

டச்சு துணி வியாபாரி லேவன்ஹூக் 1683-இல் தன் பல்லில் இருந்த அழுக்கைச் சுரண்டி, தானே செய்த லென்ஸில் இதைத்தான் பார்த்தார்.

மாவரைப்பவன் | செவ்வாய், இரவு 9:44

பல் தேய்த்துவிட்டுப் பார்க்கலாமா, தேய்க்காமலா?

நீலச்சாயம் | செவ்வாய், இரவு 9:46

தேய்க்காமல் பார்த்தால் அப்புறம் தினம் இரண்டு வேளை தேய்ப்பீர்கள்.

எதிர்க்கேள்வி | புதன், காலை 6:50

பாக்டீரியா செல்லைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் "இல்லை" தான். உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, கோல்கை இல்லை, வலைப்பின்னல் இல்லை. ஒன்றுமே இல்லாததை எதற்கு செல் என்கிறோம்?

தாவரவியல்_டீச்சர் | புதன், காலை 10:22

அந்த அட்டவணையின் மேல் எனக்கும் அதே கோபம்தான். இல்லாததை எண்ணிக் கொடுத்தால் பாக்டீரியா என்னவோ ஏழை செல் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. "உட்கரு இல்லை, எனவே டி.என்.ஏ. இல்லை" என்று எழுதிய தாள்களை எத்தனை திருத்தியிருக்கிறேன் தெரியுமா?

டி.என்.ஏ. இருக்கிறது. சவ்வு போட்ட அறை இல்லை, அவ்வளவுதான். குடலில் இருக்கும் ஈ.கோலையை எடுங்கள். நீளம் 2 மைக்ரான். அதன் வட்ட டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், தன் உடலைப்போல 800 மடங்கு. அதை முறுக்கி முறுக்கி நடுவில் வைத்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு நியூக்ளியாய்டு என்று பெயர். அது போக பிளாஸ்மிட் என்று சிறு சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கலாம். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கடன் கொடுக்கும். மருந்துக்கு அடங்காத குணம் பரவுவது பெரும்பாலும் இந்த வளையங்கள் வழியாகத்தான். புரதம் கட்டும் ரைபோசோம் ஆயிரக்கணக்கில் உண்டு. சவ்வு உண்டு, சக்தி தயாரிப்பது அந்தச் சவ்விலேயே நடக்கிறது. சுவர் உண்டு, ஆனால் செடியின் சுவர் மாதிரி செல்லுலோஸ் இல்லை, பெப்டிடோகிளைக்கான். நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். நம் செல் ஒன்று இரண்டாக ஒரு நாள் வாக்கில் எடுத்துக்கொள்கிறது. யார் ஏழை?

அளவைப் பற்றியும் அடித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. கரீபியன் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில், நீரில் கிடந்த இலைகளில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. 2022-இல் அறிவித்தார்கள். ஒரே செல், நீளம் சுமார் 1 சென்டிமீட்டர், கண்ணாலேயே பார்க்கலாம். அதைவிட ஆச்சரியம், தன் டி.என்.ஏ.வைச் சவ்வுப் பைகளில் போட்டு வைத்திருக்கிறது. இனி அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நீலச்சாயம் | புதன், பகல் 1:10

அந்தச் சுவர் விஷயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், என் பிழைப்பே அதில்தான். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் கண்டுபிடித்த சாயமுறையைத்தான் இன்றும் தினம் செய்கிறேன். பெப்டிடோகிளைக்கான் சுவர் தடிமனாக இருந்தால் ஊதா நிறம் நிற்கும், மெல்லிசாக இருந்தால் ஆல்கஹாலில் கழுவிப்போய் அடுத்த சாயத்தில் இளஞ்சிவப்பாகும்.

பெனிசிலின் கை வைப்பதும் அந்தச் சுவரில்தான். பாக்டீரியா வளரும்போது சுவரைப் பூச விடாது, தண்ணீர் ஏறி வெடித்துவிடும். நம் செல்லுக்குச் சுவரே இல்லையே, அதனால் நமக்கு அந்தச் சேதம் இல்லை. மைக்கோபிளாஸ்மா என்று சுவரே இல்லாத பாக்டீரியா ஒன்று உண்டு, அதனிடம் பெனிசிலின் செல்லாது. சளி, ஃப்ளூ வைரஸ் செல்லே கிடையாது. இதற்கெல்லாம் கடையில் போய் "ஆன்டிபயாடிக் ரெண்டு கொடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பற்றுவரவு | புதன், இரவு 10:02

நீலச்சாயம் சார், புள்ளிகள் தெரிந்தன. முதலில் தூசு என்றாள், பிறகு சரமாக ஐந்தாறு ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டாள். பல் தேய்க்கப் போனவள் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. என் வெள்ளைச் சட்டை போயிற்று.

எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. பாக்டீரியா ரைபோசோம் 70 எஸ், அதன் இரண்டு பாகம் 50 எஸ், 30 எஸ் என்று போட்டிருக்கிறது. 50-ம் 30-ம் 80 ஆயிற்றே. நம் ரைபோசோம் 80 எஸ், பாகங்கள் 60, 40. அங்கேயும் 20 உதைக்கிறது. எந்த ஆடிட்டர் இதற்குக் கையெழுத்துப் போட்டார்?

தாவரவியல்_டீச்சர் | புதன், இரவு 10:30

சிரித்துவிட்டேன் தம்பி. எஸ் என்பது எடை இல்லை. வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது என்ற அளவு, ஸ்வெட்பெரி என்ற ஸ்வீடன் விஞ்ஞானியின் பெயரில். எடையோடு வடிவமும் அதில் சேரும். தனித்தனியாகச் சுழலும் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் உரசும் பரப்பு குறைகிறது. அதனால் கூட்டுத்தொகை வராது. உங்கள் பேரேட்டில் இதை ஏற்றாதீர்கள்.

கடலோரம் | வியாழன், காலை 5:48

டீச்சர், இழைமணிக்குள்ளயும் சொந்த ரைபோசோம் இருக்கு, அது எங்கட 80 எஸ் வகை இல்லை, பாக்டீரியாவின்ர சாயல் என்று படிச்ச ஞாபகம். சரிதானே?

தாவரவியல்_டீச்சர் | வியாழன், காலை 9:17

சரிதான். பசுங்கணிகத்திலும் அப்படியே. இரண்டுக்கும் சொந்த டி.என்.ஏ.யும் உண்டு. மனித மைட்டோகாண்ட்ரியாவில் 16,569 எழுத்துச் சோடிகள், 37 மரபணு, அதுவும் பாக்டீரியாவைப்போல வட்டமாக. இரண்டும் இரட்டைச் சவ்வு போர்த்தியவை. செல் தானாகப் புதிதாக ஒன்றைக் கட்டிவிட முடியாது, இருப்பது பிளந்துதான் இரண்டாகும்.

ஆதியில் வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட பாக்டீரியாதான் மைட்டோகாண்ட்ரியா என்று லின் மார்குலிஸ் 1967-இல் எழுதினார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. இன்று அதுதான் பாடம். பசுங்கணிகமும் அப்படி வந்ததே, நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வழி. மைட்டோகாண்ட்ரியா முதலில் வந்தது, பசுங்கணிகம் பிறகு. பற்றுவரவு தம்பி, மகளிடம் இதைச் சொல்லுங்கள். செடியின் குடும்பத்தில் அடுப்புதான் முதலில் வந்தது, வயல் பின்னால் வாங்கியது.

எதிர்க்கேள்வி | வியாழன், காலை 9:40

அப்படியானால் ஒரு செடி செல்லுக்குள் மூன்று வம்சம் குடியிருக்கிறது. இதை அட்டவணை போடச் சொன்னவர் யார்?

நீலச்சாயம் | வியாழன், பகல் 12:25

இந்தச் சாயலுக்கு ஒரு விலையும் உண்டு. ஜென்டாமைசின் வகை ஊசி பாக்டீரியா ரைபோசோமைத் தாக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமையும் அது பிடித்துக்கொள்ளும், காது கேட்காமல் போகலாம். அந்த மாற்றம் அம்மா வழியாகத்தான் வரும். பழைய உறவை மருந்து மறக்கவில்லை.

பற்றுவரவு | வெள்ளி, இரவு 9:33

டியூஷனில் வேர் கேள்வியை இவளே கேட்டிருக்கிறாள். "நோட்டில் இருப்பதை எழுது" என்றார்களாம். மறுநாள் நோட்டில் அந்த வரியை அடித்துத் திருத்தச் சொன்னார்கள், யார் சொல்லி என்று தெரியாது. மார்க்கைக் குறைக்கவில்லை. இவளே தன் தாளில் சிவப்பு மையில் ஒரு மார்க் குறைத்துக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இன்றைய கேள்வி: சுவர் இல்லாத தாவர செல் உண்டா?

தாவரவியல்_டீச்சர் | வெள்ளி, இரவு 10:11

இளநீர். விதைக்குள் குழந்தைக்கு வைத்த உணவுதான் அது. பிஞ்சாக இருக்கும்போது உட்கரு மட்டும் பிரிந்து பிரிந்து பெருகும், நடுவில் சுவர் எழும்பாது. உட்கருக்கள் சும்மா நீரில் மிதக்கும். பிறகு ஓட்டோரமிருந்து சுவர் கட்டக் கட்ட வழுக்கையாகி, தேங்காயாகிறது. ஆகவே வழுக்கை பிடிக்காத பிஞ்சாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை எடுத்து, அதே மெத்திலீன் நீலம்.

பற்றுவரவு | சனி, காலை 11:20

வாங்கி வந்து டம்ளரில் ஊற்றி, மூடி, "தொடாதே" என்று சீட்டு ஒட்டி வைத்தோம். கண்ணாடி போடாமல் வந்த என் அம்மா குடித்துவிட்டார். நல்ல இனிப்பாம். நாளை மறுபடி வாங்க வேண்டும்.